கலாநிதிக்குப் பின்: ஓர் ஆய்வுநிலைப் பெயரின் வரலாறு

பல்கலைக்கழகமொன்றிற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், நிரந்தர ஆசிரியப் பதவி எதனையும் அடையாத நிலையில், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கென வரையறுக்கப்பட்ட வேதனத்தைப் பெற்றுக்கொண்டு, வேறொரு பேராசிரியரின் துறையிலோ ஆய்வுகூடத்திலோ இருந்து ஆராய்ச்சி செய்வாராயின், அவரை ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 'போஸ்ட்டொக்' எனச் சுருக்கமாக அழைப்பர். உலகின் விஞ்ஞான ஆராய்ச்சியிற் கணிசமான பகுதி இன்று இத்தகையோரின் கைகளாலேயே நடைபெறுகின்றது. ஆயினும் இவர்களைச் சுட்டுவதற்குத் தமிழில் யாவரும் உடன்பட்ட ஒரு பெயர் இன்னும் நிலைபெறவில்லை. தமிழகத்தார் முனைவர் பட்ட மேலாய்வாளர் என்றும், பின்முனைவர் என்றும், முதுமுனைவர் பட்ட ஆய்வாளர் என்றும் பலவாறு எழுதுகின்றனர். இலங்கையில் நாம் கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளர் என நீட்டியோ, பின்கலாநிதி எனக் குறுக்கியோ எழுதுகின்றோம். தம்பிலுவில் போன்ற எமது கீழ்க்கரை ஊர்களில் இவையொன்றும் வழக்கில் இல்லை. வெளிநாட்டில் இந்நிலையில் இருந்து விடுமுறைக்கு ஊர் வந்தவரைக் கண்டால், "என்ன மனே, இன்னும் படிச்சி முடியல்லியா?" என்றே மூத்தோர் கேட்பர். அக்கேள்வியில் ஏளனம் இல்லை. மாணவரும் அல்லாத, உத்தியோகத்தரும் அல்லாத ஒருவருக்கு ஊர்வழக்கில் இடமில்லை என்பதையே அது காட்டுகின்றது. இக்குழப்பம் வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்தானா, அன்றி அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டா என்பதை இங்கு நோக்குவோம்.

பின்னதை அறிய முன்னதை அறிதல் வேண்டும். கலாநிதி என நாம் மொழிபெயர்த்துக்கொண்ட 'டொக்டர்' என்னும் சொல் 'கற்பித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிற் பிறந்தது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது கற்பிப்பதற்குரிய உரிமத்தைக் குறித்தது, ஆராய்ச்சியைக் குறிக்கவில்லை. இஸ்லாமிய உலகில் ஆசிரியர் தம் மாணாக்கருக்கு வழங்கிய 'இஜாஸா' என்னும் அனுமதியும் ஏறத்தாழ இதே இயல்பினது. சிங்கள மொழியினர் இப்பொருளைக் கைவிடாது காத்துள்ளனர். அவர்கள் கலாநிதியை 'ஆச்சார்ய' என்றும் பேராசிரியரை 'மஹாச்சார்ய' என்றும் வழங்குவர். இரண்டும் ஆசிரியத் தொழிலையே சுட்டும் பெயர்கள். பட்டம் என்பது புதிய ஆராய்ச்சியொன்றுக்கு உரிய பரிசு என்ற கருத்து மிகப் பிற்பட்டது. 1810இல் நிறுவப்பெற்ற பேர்லின் பல்கலைக்கழகத்தோடு அது வலுப்பெற்று, 1861இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தது. பழமையில் ஊறிய ஒக்ஸ்போட் 1917இலும், கேம்பிரிட்ஜ் 1919இலுமே இவ்வாராய்ச்சிப் பட்டத்தை ஏற்றுக்கொண்டன.

தமிழில் இப்பட்டத்துக்கு இரு கரைகளிலும் இரு பெயர்கள் வாய்த்தன. இலங்கையில் வழங்கும் 'கலாநிதி' வடமொழிச் சொல். கலைகளின் நிதி என்பது நாம் கொள்ளும் பொருள். ஆயின் வடமொழியிற் கலை என்பது திங்களின் கூறாகிய பிறையையும் குறிக்குமாதலால், கலாநிதி என்பது சந்திரனுக்கும் பெயராயிற்று. சென்னை மியூசிக் அக்கடமி வழங்கும் 'சங்கீத கலாநிதி' விருதின் காரணமாக, தமிழகத்தில் இச்சொல் இசைவாணரையே முதலில் நினைவூட்டும்; அன்றேல் ஆண்மகன் ஒருவரின் இயற்பெயராகக் கொள்ளப்படும். இலங்கையிலோ 'டொக்டர்' என்பதை வைத்தியருக்கு விட்டுவிட்டு, கலாநிதி என்பதைப் புலமைப் பட்டத்துக்கு ஒதுக்கிக்கொண்டோம். இது மிகப் பயனுள்ள பிரிப்பு. இதன் கீழ்ப்படிகளாகக் கலைமாணி, விஞ்ஞானமாணி, முதுமாணி, முதுதத்துவமாணி ஆகியன அமைந்தன. மாணி என்பது கல்வி கற்கும் பிரமசாரியைக் குறித்த பழஞ்சொல். ஆழ்வார் பாசுரங்களில் வாமனனுக்கு வழங்குவது. ஆகவே முதுமாணி வரையில் ஒருவர் மாணாக்கரே. கலாநிதியானதும் மாணாக்கர்நிலை முற்றுப்பெற்று விடுகின்றது. இப்பெயர்முறையின் உள்ளமைப்பே கலாநிதிக்கு அப்பால் மேலுமொரு பயில்நிலை உண்டு என்பதற்கு இடங்கொடுக்கவில்லை எனலாம். நிறைமதிக்குப் பின் வருவது தேய்பிறைதானே என வேடிக்கையாகக் கூறுவாரும் உளர்.

தமிழகம் தேர்ந்த 'முனைவர்' தொல்காப்பிய மரபியலில் வரும் 'முனைவன்' என்னும் சொல்லோடு உறவுடையது. அங்கு முனைவனாற் செய்யப்படுவது முதனூல். அதன்வழிப் பிறப்பது வழிநூல். பிறர் நூலின் வழிப்படாது தாமே கண்டதைக் கூறுவோர் என்னும் குறிப்பு இதனால் முனைவருக்கு உரியதாகின்றது. ஆராய்ச்சிப் பட்டத்தின் நவீன இலக்கணத்தோடு கலாநிதியை விட முனைவரே நன்கு பொருந்துகின்றது என்பதை ஈழத்தவராகிய நாம் ஒப்புக்கொள்வதில் தவறில்லை. எனினும் இங்கு வேரூன்றிய வழக்கை அதற்காக மாற்ற வேண்டியதும் இல்லை.

இனி, பட்டத்துக்குப் பிந்திய நிலையின் வரலாற்றை நோக்குவோம். 1876இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றபோது, ஆராய்ச்சியில் நாட்டமுடைய இளைஞருக்கு ஆய்வுப் பரிசில்கள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றோருட் சிலர் ஏலவே கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தனர். இது தொடக்கம். முறையாக வகுக்கப்பட்ட ஏற்பாடு 1919இல் வந்தது. ராக்பெல்லர் நிறுவனத்தின் நிதியுதவியுடன் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் புதிதாகக் கலாநிதியானோருக்கு ஆய்வுப் பரிசில்களை ஏற்படுத்தியது. 1927இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற ஒப்பன்ஹைமர் இப்பரிசில் பெற்றவர்களுள் ஒருவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அரச நிதி பெருகவே, இவர்களின் தொகையும் பெருகியது. ஆனால் இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக இடம்பெறவில்லை. மாணவர் கணக்கிலும் இல்லை, ஆசிரியர் கணக்கிலும் இல்லை. 1969இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் இவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குக் 'கட்புலனாகாப் பல்கலைக்கழகம்' எனப் பொருள்படும் தலைப்பு இடப்பட்டமை இதனாலேயாம். இவ்வகையினர் யாவர் என்பதற்கு அந்நாட்டின் இரு பெரும் ஆராய்ச்சி நிதி அமைப்புக்கள் உடன்பட்ட ஒரு வரைவிலக்கணம் 2007இலேதான் கிடைத்தது. கலாநிதிப் பட்டம் பெற்றமை, குறித்த காலத்துக்கு மட்டும் உரியதாயிருத்தல், வழிகாட்டலின்கீழ்ப் பெறும் உயர்பயிற்சியாயிருத்தல், தற்சார்பான ஆய்வாளராக ஆயத்தமாதல் ஆகியன அவ்வரைவிலக்கணத்தின் கூறுகள். பட்டம் என்ற பேச்சு அதில் இல்லை என்பது நோக்கற்பாலது.

ஜேர்மனியின் மரபு வேறு. அங்குக் கலாநிதிப் பட்டத்துக்குப் பின் இரண்டாவதாக ஒரு பேராய்வை எழுதித் தேறியவர்க்கே பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் உரிமை கிடைத்தது. அது உண்மையாகவே உயர்ந்த மற்றொரு தகுதி. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே தமிழிற் பெயர்க்குழப்பத்துக்கு ஒரு காரணம் என எண்ணத் தோன்றுகின்றது.

கற்று முடித்தவரை மேலும் கற்கவைத்து அவர்க்குப் படியளக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 270 இளமாணாக்கரையும் 70 முதுமாணாக்கரையும் 14 ஆசிரியரையும் குறிப்பிடுகின்றது. இளையோருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தோருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய மேற்கல்வியில் ஈடுபட்ட அம்மூத்தோர் மாணாக்கரும் அல்லர், ஆசிரியரும் அல்லர் என்னும் இடைநிலையினராய்த் தனியே எண்ணப்பட்டு, தனியே படி பெற்றனர். இதற்கும் முந்தியது கி.பி. 866ஐச் சேர்ந்த பார்த்திவசேகரபுரச் செப்பேடு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் காந்தளூர்ச்சாலையின் முறையைப் பின்பற்றி அமைத்த சாலையில் 95 சட்டருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வியாகரணம் முதலியவற்றில் ஏலவே தேர்ச்சியுடையோரே அங்குச் சட்டராதற்கு உரியர் என அச்செப்பேடு விதிக்கின்றது. இவை அந்தணர்க்கென அமைந்த வேதக்கல்வி நிலையங்கள். இவற்றைப் பல்கலைக்கழகங்கள் எனப் புகழ்ந்து மகிழ்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. எமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: நெல் அளக்க வேண்டியிருந்தவிடத்து ஆளைத் தனியே எண்ண வேண்டியிருந்தது, எண்ண வேண்டியிருந்தவிடத்துப் பெயரும் இருந்தது.

அவ்வாறாயின் இலங்கையில் ஏன் பெயர் இல்லை? அப்படியோர் இடம் இருக்கவில்லை என்பதே நேரான விடை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலந்தொட்டு, சிறப்புத் தேர்ச்சி பெற்ற பட்டதாரியை முதலில் ஆசிரியர் குழுவிற் சேர்த்துக்கொண்டு, பின்னர் கலாநிதிப் பட்டத்துக்காகப் பிறநாட்டுக்கு அனுப்புவதே பெரும்பான்மை வழக்கமாயிற்று. அவர் பிணைப் பத்திரத்திற் கையொப்பமிட்டுச் செல்வார். பட்டம் பெற்று மீண்டதும் அவருக்குரிய கதிரை காத்திருக்கும். பதவி முன்னும் பட்டம் பின்னுமாக அமைந்த இம்முறையில், பட்டத்துக்கும் பதவிக்கும் இடையே வெற்றுக்காலம் என ஒன்று தோன்றுவதற்கு வழியில்லை. மேலைநாட்டில் பட்டம் முன், பதவி பின், இரண்டுக்கும் இடைப்பட்ட காத்திருப்புக்கே 'போஸ்ட்டொக்' என்று பெயர்.

எமது அறிஞர்கள் கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வைச் செய்யவில்லை என்பது இதன் கருத்தன்று. க. கைலாசபதி 1966இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற ஆய்வு, 1968இல் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலாக ஒக்ஸ்போட் அச்சகத்தால் வெளியிடப்பட்டது. கா. இந்திரபாலா யாழ்ப்பாண அரசின் தோற்றம் பற்றிய ஆய்வேட்டுக்காக 1965இல் இலண்டனிற் பட்டம் பெற்றார். அவ்வாய்வேட்டின் முடிபுகள் பலவற்றைத் தாமே மீளாய்வு செய்து, இலங்கைத் தமிழர் ஓர் இனக்குழுவாக உருப்பெற்ற வரலாற்றை 2005இல் நூலாக்கினார். இடையில் நாற்பது ஆண்டுகள். தொல்லியற் சான்றுகள் பெருகியமையும், இனத்தோற்றம் பற்றிய கோட்பாடுகள் மாறியமையும் அந்நூலிற் புலனாகின்றன. ஆய்வேட்டை எழுதிய இளைஞரின் கருத்தை அதே ஆசிரியரின் முதிர்ந்த அறிவு திருத்துவதை அங்குக் காணலாம். உண்மையான 'பின்னாய்வு' என்பது இதுவே என்பேன். ஆனால் இதற்கெனத் தனிப்பெயரோ தனி வேதனமோ எந்நாளும் இருந்ததில்லை. அ. வேலுப்பிள்ளை இலங்கையில் ஒன்றும் ஒக்ஸ்போட்டில் ஒன்றுமாக இரு கலாநிதிப் பட்டங்களைப் பெற்றமையும் இங்கு நினைத்தற்குரியது. ஒருமுறை கலாநிதியானவர் மேலும் ஆழ்ந்து பயில விரும்பின், இன்னொரு பட்டத்தை நாடுவதும் அன்று ஒரு வழியாயிருந்தது.

இக்கரையைச் சேர்ந்த எமக்கு இதனிலும் தெளிவான சான்று ஒன்று உண்டு. தம்பிலுவிலிலிருந்து வடக்கே சென்று, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் காரைதீவு. அங்கு 1892இற் பிறந்த மயில்வாகனன் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராயும், இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாயும் விளங்கி, பின்னர் துறவுபூண்டு சுவாமி விபுலாநந்தரானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர். கலாநிதிப் பட்டம் அவரிடம் இருக்கவில்லை. பண்டைத் தமிழரின் யாழ்களைப் பற்றிய அவரது ஆராய்ச்சி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நீடித்தது. அதிற் பெரும்பகுதி எந்தப் பல்கலைக்கழகப் பதவியிலும் அவர் இல்லாத காலத்தில், மடத்தின் அரவணைப்பிலும் புதுக்கோட்டைச் சிதம்பரம் செட்டியார் போன்ற புரவலரின் ஆதரவிலும் நிகழ்ந்தது. பௌதிகவியற் பயிற்சியும் சிலப்பதிகாரப் புலமையும் ஒருங்கே வாய்த்தாலன்றி அவ்வாய்வு கைகூடியிராது. கரந்தைத் தமிழ்ச்சங்க வெளியீடாக யாழ்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். முறையான பயிற்சி முடிந்த பின், நிரந்தரக் கதிரையின்றி, ஒரே பொருளில் ஆழ்ந்து செய்யும் ஆய்வு என்பதே இந்நிலையின் இலக்கணமாயின், தமிழில் அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1936இற் சென்னை மாகாணத் தமிழ்ச்சங்கம் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பிற துறைகளுக்கெல்லாம் பெயர்தேடிய அம்மேதை தாம் இருந்த நிலைக்குப் பெயர்தேட வேண்டிய தேவை அன்று எழவில்லை.

இன்று அத்தேவை எழுந்துள்ளது. 1983இன் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய மாணவர் பலர், முன்னோரைப் போலப் பதவியிற் சேர்ந்த பின் பட்டத்துக்குச் சென்றவர்களல்லர். அவர்களுக்காக இங்கு எந்தக் கதிரையும் காத்திருக்கவில்லை. பட்டம் முடிந்ததும் ஒரு பரிசிலிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எனச் சென்றனர். உள்நாட்டிலும் நிலைமை மாறிவருகின்றது. 1986இல் மட்டக்களப்பிற் கிழக்குப் பல்கலைக்கழகமும், 1996இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் முழுமையான பல்கலைக்கழகங்களாயின. இக்கரைப் பிள்ளைகள் தம் வீட்டிலிருந்தே உயர்கல்விக்குச் செல்லும் காலம் வந்தது. ஆயினும் அனுமதிக்கப்பட்ட ஆளணி எல்லையுடையது. பதவிக்கு முன்னரே பட்டம் பெற்றோர் தோன்றும்போது, எமது பழைய முறை அவர்களை எங்கு வைப்பது என அறியாது திகைக்கின்றது.

இந்நிலையின் இயல்பை விளங்க மேலைநாட்டு உவமை வேண்டியதில்லை. எமது வயல்வெளிகளில் முல்லைக்காரன் என்றொருவர் உண்டு. காணி போடியாருடையது, விதைநெல் பெரும்பாலும் போடியாருடையது. ஒரு போகத்துக்குப் பொறுப்பேற்று, வயற்காரரை வழிநடத்தி, நீர் பாய்ச்சும் நாளையும் காவல் காக்கும் இரவையும் முடிவு செய்பவர் முல்லைக்காரனே. வயலின் நுட்பம் அவருக்குத் தெரிந்த அளவுக்குப் போடியாருக்குத் தெரியாதிருப்பதும் உண்டு. ஆனால் விளைந்ததைப் போடியாரின் விளைச்சல் என்றே ஊர் சொல்லும். அடுத்த போகத்துக்கு அவரே இருப்பாரென்ற உறுதியும் இல்லை. பேராசிரியருக்கும் அவர்கீழ் ஆய்வு செய்யும் இளங்கலாநிதிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இதுவே. முல்லைக்காரனைக் கூலிக்காரன் என்றோ போடியார் என்றோ எவரும் மயங்குவதில்லை. அவருக்கென ஒரு பெயரும், களத்தில் நெல் அளக்கும்போது ஒரு பங்கும் உண்டு.

இவ்வளவில் நின்று, வழங்கும் பெயர்களைச் சீர்தூக்கலாம். தமிழிற் தொகைச்சொல்லின் தலைமை இறுதிச் சொல்லிலேயே பெரும்பாலும் தங்கும். பின்கலாநிதி என்றால் அவர் ஒருவகைக் கலாநிதி. முதுமுனைவர் என்றால் அவர் மூத்த முனைவர். முதுமாணி என்பது மாணியிலும் உயர்ந்த பட்டமாதலால், முதுமுனைவர் என்பதும் முனைவரிலும் உயர்ந்த பட்டமென்றே கேட்போர் கொள்வர். தமிழகத்தில் அச்சொல் டி.லிட். எனும் பட்டத்துக்கும் வழங்குவதால் மயக்கம் இரட்டிக்கின்றது. இலங்கையில் அப்பட்டம் இலக்கிய கலாநிதி என வழங்குவது; பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போன்ற பெரியோரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதனாற் கௌரவித்துள்ளது. வாழ்நாள் முழுவதும் செய்த பணிக்குரிய கௌரவத்தையும், இரண்டாண்டு ஒப்பந்தத்தையும் ஒரே பெயராற் சுட்டுவது இருவருக்குமே நீதியன்று. பெயரின் உயர்வு கண்டு இளம் ஆய்வாளர் சிலர் அதனை விரும்பக்கூடும். ஆனால் உயர்பட்டமாகத் தோன்றும் ஒன்றுக்கு உரிய வேதனம், விடுமுறை, சேமலாபநிதி பற்றி எவர் கேட்பார்? பட்டத்துக்குச் சேமலாபநிதி இல்லை; தொழிலுக்கே உண்டு.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வழி தமிழகத்திற் பரவிய 'முனைவர் பட்ட மேலாய்வாளர்' இக்குற்றத்துக்கு ஓரளவு தப்பியது. அதன் தலைமைச் சொல் ஆய்வாளர் என்பது. எனினும் முனைவர் பட்டத்துக்காகவே மேலாய்வு செய்பவர் என அதனைப் பிழைபட விளங்கிக்கொள்ளவும் இடமுண்டு. இலங்கையிற் 'பட்டப்பின் படிப்பு' என்னும் தொடர் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. அதே வாய்பாட்டிற் 'கலாநிதிப்பின் ஆய்வாளர்' என அமைப்பின், காலமும் தொழிலும் ஒருங்கே விளங்கும். பட்டமென்ற மயக்கமும் எழாது. ஓசை சற்றுக் கரடுமுரடானது என்பர் சிலர். விரிவுரையாளர் என்பதும் ஒருகாலத்திற் செவிக்குப் புதிதாகவே இருந்திருக்கும்.

அரபு மதுரசாக்களில் ஆலிம் கல்வியை முடித்து மௌலவியானவர் மேலும் ஒரு துறையில் ஆழ்ந்து பயில்வதைத் 'தகஸ்ஸுஸ்' என்பர். கல்முனைக்கரை முஸ்லிம் ஊர்களில் மார்க்கக் கல்வியோடு தொடர்புடையோர் இச்சொல்லை அறிவர். தகஸ்ஸுஸ் முடித்தவரும் மௌலவி என்றே அழைக்கப்படுவார். எத்துறையில் தகஸ்ஸுஸ் செய்தார் என்பது கேட்டவிடத்துச் சொல்லப்படும். கலாநிதிப்பின் ஆய்வாளருக்கும் இம்முறையே ஏற்றது. பெயருக்கு முன்னே கலாநிதி என்பது மட்டும் நிற்கட்டும். பெயருக்குக் கீழே, எந்நிறுவனத்தில், எப்பொருளில், எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை கலாநிதிப்பின் ஆய்வாளராக இருந்தார் என்பதை எழுதினாற் போதும்.